பத்தொன்பது மைல்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லத் துணிவு வராமல் போகலாம்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு பாடசாலை மண்டபம், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். எழுபது எண்பது பேர் இருந்திருப்பார்கள். சிவகௌரி தன்னுடைய புதுக் கதையை வாசித்தாள். அமெரிக்காவில் ஒரு மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பெரிய பள்ளத்தாக்கைப் பார்க்கப் போன லண்டன் குடும்பம் ஒன்று, வழியில் ஒரு டைனோசர் சிலையடியில் தமையனை மறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உலகத்திலேயே பெரிய பள்ளத்தைப் பார்க்கப் புறப்பட்ட மனிசன், டைனோசரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றேகால் மணித்தியாலம் நின்றார்" என்ற வரிக்குக் கைதட்டே விழுந்தது.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் முன்வரிசையில் இருந்த அந்தத் தமையன்தான். இராஜேந்திரன். வாசிப்பு முடிந்ததும் எழும்பி நின்று, "ஒண்டை எழுத மறந்திட்டாள்! என்ர தொப்பியும் வாகனத்தோட போட்டுது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

அந்தக் கதையில் ஒரு பொய் இருந்தது. 'மறந்து' என்ற சொல்.

இது அதைத் திருத்தி எழுதுகிற முயற்சி. 'நான்' என்று நான்கு தடவை தொடங்கியாயிற்று. நான்கு தடவையும் இரண்டாம் பக்கம் வருவதற்குள் அந்த 'நான்' களைத்துப்போனவளாக, பாவமானவளாக, நீங்கள் மன்னித்துவிடக் கூடியவளாக மாறிவிட்டாள். 'அவள்' என்று எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே இதில் அவள் என்று வருகிறவள்தான் இதை எழுதுகிறவளும்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அரிசோனாவின் வானம் அன்றைக்கு –" [வேண்டாம். வானத்திலிருந்து தொடங்கினால் அவள் தப்பிவிடுவாள்.]

"அண்ணைக்கு வாய் ஓயாது." [உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே குற்றம் அவர் தலையில் விழுகிறது.]

ஆட்களைச் சொல்லிவிட்டு நேரே போய்விடலாம். மொத்தம் நான்கு பேர். சிவகௌரிக்கு நாற்பத்தெட்டு வயது. டூட்டிங்கில் வீடு, கவுன்சில் அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். கணவன் சயந்தன் மருந்துக்கடையில் மருந்தாளர், அதிகம் பேசாதவன். மகள் கோசிகாவுக்குப் பதினாறு. நான்காவது ஆள் சிவகௌரியின் தமையன் இராஜேந்திரன், அறுபத்தொரு வயது, பிளேஸ்டோவில் தனியே இருக்கிறார். மனைவி பிரிந்து போய்ப் பத்து வருடம். இருபத்திரண்டு வருடம் லண்டன் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதி கூடி, இன்சுலின் ஊசி போடத் தொடங்கியதும் பஸ் ஓட்டும் லைசென்ஸ் போய்விட்டது.

பயணத்தைத் திட்டமிட்டவர் அவர்தான். இரண்டு வருடம் ஒரு நீலக் கோப்பில் எல்லாவற்றையும் சேர்த்தார். பள்ளத்தாக்குப் பூங்கா கடைசியில்தான். அதற்கு முன் வழியோரத்துக் காட்சிகள் பதினான்கு: ராட்சதத் தேநீர்க்கேத்தல், போத்தல்களால் கட்டிய வீடு, விண்கல் என்று சொல்லிக் காட்டப்படும் ஒரு கறுப்புக் கல், இப்படி. ஏழாவது டைனோசர்.

3

முப்பது அடி நீள வாகனம். உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, ஒரு சாப்பாட்டு மேசை. சாரதிக்கு மேலே, கூரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை அண்ணையுடையது. சின்ன ஏணி ஒன்றில் ஏற வேண்டும். பகலிலும் சிலவேளை ஏறித் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். ஆனால் பெரும்பாலும் மேசைக்கு எதிர்ப்புற வாங்கிலில் இருந்துகொண்டு கதைப்பார்.

அவருடைய பேச்சை எழுதுவது கடினம்.* சயந்தனுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்: "லேனைப் பிடி, லேனைப் பிடி, பின்னால ட்றக் வாறான்." வழியில் வந்த ஒவ்வொரு அறிவித்தல் பலகையையும் உரக்க வாசிப்பார். பெற்றோல் விலை, மோட்டலின் பெயர், பல் வைத்தியரின் விளம்பரம், ஒன்று விடாமல். லண்டனுக்கு வந்த புதிதில் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து கடைப் பலகைகளை வாசித்து இங்கிலிஷ் பழகியவர், பழக்கம் விட்டுப்போகவில்லை. தண்ணீர் நிரப்ப நிறுத்தினால் பக்கத்து வாகனத்துக்காரனிடம் போய்ச் சிநேகம் பிடிப்பார். பிடித்ததும் கையை நீட்டிச் சிவகௌரியைக் காட்டுவார்.

"மை சிஸ்டர். வெரி ஃபேமஸ் றைட்டர் இன் லண்டன்."

அவளுடைய முதல் புத்தகம் முந்நூறு பிரதி அச்சாகி, அதில் பாதி இன்னும் அவளுடைய கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அந்த 'ஃபேமஸ்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றுவார். அவள் சிரித்துவிட்டு வாகனத்துக்குள் ஏறிக்கொள்வாள்.

(* முதல் கதையில் இந்தப் பேச்சை இரண்டு பக்கத்துக்கு அப்படியே கேலி செய்து எழுதியிருந்தாள். அதைத்தான் சனம் மிகவும் ரசித்தது. வெட்டியாயிற்று. அந்த இரண்டு பக்கமும் நன்றாகத்தான் வந்திருந்தன என்பதும் வெட்கத்துக்குரிய விஷயம்தான்.)

4

நான்காம் நாள். பழைய நெடுஞ்சாலையோரம், வெறும் பொட்டல் வெளியில் ஒரு கடை. கல்லும் பாசிமாலையும் விற்கிற கடை. அதன் பக்கத்தில் பச்சைப் பூச்சு உரிந்த சீமெந்து டைனோசர், மூன்று மாடி உயரம். வெயில் முப்பத்தெட்டு பாகை. நேரம் பன்னிரண்டரை. அண்ணை காலையில் ஊசி போட்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு இன்னும் இல்லை. சிவகௌரிக்கு அது தெரியும். காலையில் பருத்திப் பஞ்சை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

கடை வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் குளிர்பானம் குடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை அவர்களிடம் போனார். கையை நீட்டினார். மை சிஸ்டர். இந்தத் தடவை அவர்களில் ஒருவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டே வந்தார். "இஞ்ச வா கௌரி, இவை உன்னோட ஒரு படம் எடுக்க ஆசைப்படுகினம்."

அவர்கள் ஆசைப்படவில்லை என்பது அவர்களுடைய முகத்தில் தெரிந்தது.

"அண்ணை, தயவு செய்து கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நாலு நாளா எனக்குக் காது வலிக்குது. எங்களை எல்லாரும் பைத்தியம் எண்டு நினைக்கினம்."

மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் விளங்கியிருக்க வேண்டும். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணை பிடித்திருந்த கையை விட்டார்.

"சரி, சரி" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "வாலடியில ஒரு படம் எடுத்திட்டு வாறன்" என்று சொல்லிக் கமராவைத் தூக்கிக்கொண்டு சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கைத்தொலைபேசி வாகனத்துக்குள் சார்ஜில் கிடந்தது.

ஐந்து நிமிடத்தில் சயந்தன் எஞ்சினை முடுக்கினான். முன்னாலிருந்து கேட்டான்:

"எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம், எடுங்கோ" என்றாள் சிவகௌரி.

[இந்த 'ஓம்' என்ற சொல்லில்தான் இதை எழுதுகிறவள் மூன்று கிழமையாக நிற்கிறாள். அவர் வாலடிக்குப் போவதாகச் சொன்னது அவளுக்குக் கேட்டதா? முதல் கதையில் கேட்கவில்லை என்று எழுதினாள். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. கேட்டது என்று எழுதினாலும் அது முழு உண்மை இல்லை. வாகனத்துக்குள் ஏறும்போது அவர் மேலே ஏறித் திரையை இழுத்துக்கொண்டு கோபத்தில் படுத்திருப்பார் என்று நினைத்ததாக ஞாபகம். அது நிஜமான ஞாபகமா, கதைக்காக உண்டாக்கியதா என்று தெரியவில்லை. 'ஓம்' என்ற சொல்லுக்கு அவளுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததற்குக் கொடுக்காதீர்கள்.]

5

வாகனம் சாலையில் ஏறி வேகம் பிடித்தது. ஒரு மைல்கூட ஆகியிருக்காது. பெரிய விளம்பரப் பலகை ஒன்று கடந்தது. யாரும் அதை வாசிக்கவில்லை.

சிவகௌரி நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்புற வாங்கில் வெறுமையாக இருந்தது. மேலே பார்த்தாள். திரை இழுக்கப்படவில்லை. படுக்கையில் மடித்த போர்வையும் அவருடைய தொப்பியும் மட்டும். குளியலறைக் கதவு பூட்டுப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் இல்லை என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. சந்தேகம் ஏதும் இருக்கவில்லை. வாயைத் திறந்தாள். முன்னால் சயந்தன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையில் கண்ணாக இருந்தான். கோசிகா பின் கட்டிலில் ஹெட்போனுடன் சாய்ந்திருந்தாள். எஞ்சினின் இரைச்சலைத் தவிர உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அவள் வாயை மூடினாள்.

இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாள். இவ்வளவுதான் நினைத்தாள். இதைப் பெரிதாக்கி எழுதுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது: பயணக் களைப்பு, வேலை, வருடக்கணக்கான எரிச்சல். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து எடுத்தாயிற்று. உண்மையில் அப்போது அவளுக்குச் சுகமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சிவப்பு மண்ணும் புதரும் தூரத்து மலையும் ஓடின. நான்கு நாளில் முதல் தடவையாக அந்த நிலத்தை அவள் பார்த்தாள். கொப்பியை எடுத்து இரண்டு வரி எழுதவும் செய்தாள். நல்ல வரிகள்.

சாலையோரத்தில் மைலுக்கு ஒரு சின்னப் பச்சைப் பலகை, இலக்கத்துடன். ஒன்று கடந்தது. அடுத்ததில் சொல்லலாம். அது கடந்தது. இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அடுத்ததும் கடந்தது. தூரம் கூடக்கூடச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. ஊசியின் நினைவு வந்தது. கடை இருக்கிறதுதானே, ஏதாவது வாங்கிச் சாப்பிடுவார் என்று அந்த நினைவைத் தள்ளினாள். அவருடைய பணப்பை எதிரே மேசையில்தான் கிடந்தது.

பத்தொன்பதாவது பலகைக்குக் கிட்டக் கோசிகா ஹெட்போனைக் கழற்றினாள்.

"மாமா எங்க?"

"ஐயோ!" என்றாள் சிவகௌரி. "மேல படுத்திருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்!"

எழும்பி ஓடி, ஏணியில் ஏறி, ஏற்கெனவே பார்த்த வெறும் படுக்கையை இன்னொரு தடவை பார்த்தாள். போர்வையைத் தூக்கியும் பார்த்தாள். அவர் அதற்குள் இருக்கக்கூடும் என்பதுபோல.

அந்தப் போர்வையைத் தூக்கியதை மட்டும் எழுதாமல் விடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தாள்.

6

முப்பது அடி வாகனத்தைத் திருப்புவதற்கு இடம் தேடவே பத்து நிமிடம் ஆனது. திரும்பி வரும்போது சிவகௌரிதான் ஓயாமல் பேசினாள். "நான் சரியாப் பாத்திருக்க வேணும். என்ர பிழைதான், என்ர பிழைதான்." சயந்தன் கடைசியில், "இல்லையப்பா, எல்லாற்ற பிழையும்தான்" என்று ஆறுதல் சொன்னான். அவள் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டாள்.

அண்ணை கடைக்குள், குளிரூட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கழுத்தில் ஈரத்துவாய். கையில் தோடம்பழச் சோடா. கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் வெளிறியிருந்தது. வாகனம் போன திசையில் வெயிலுக்குள் அரை மைல்வரை ஓடியிருக்கிறார். தலை சுற்றி விழப்போனவரை அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் ஏற்றிக்கொண்டு வந்து கடையில் இறக்கினார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று கடைக்காரப் பெண்ணுக்கு விளங்கியது; அவளுடைய தகப்பனுக்கும் அதே வியாதியாம்.

சிவகௌரியைக் கண்டதும் அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். தங்கச்சி நீதானா என்று கேட்டாள். இவர் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்: என் தங்கச்சி முதலில் கவனிப்பாள். என் சத்தம் இல்லாவிட்டால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். இப்போது திரும்பி வந்துகொண்டிருப்பாள், பாருங்கள்.

அண்ணை நிமிர்ந்து சிரித்தார். "நான் சொன்னனான் தானே" என்றார் அந்தப் பெண்ணிடம், தமிழில்.

7

[இந்த இடத்தில் பள்ளத்தாக்கைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. நல்ல வர்ணனை. அவற்றில் இரண்டு வரி அந்தப் பத்தொன்பது மைலுக்குள் எழுதியவை. மூன்று பக்கத்தையும் எடுத்தாயிற்று.]

மறுநாள் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். கோப்பில் இன்னும் ஏழு காட்சிகள் மிச்சம் இருந்தன. சயந்தன், "அடுத்தது எங்க அண்ணை?" என்று கேட்டபோது, "வேண்டாம், நேரே பூங்காவுக்குப் போவம்" என்றார். விளிம்பில் ஒரு வாங்கிலில் இருந்து பார்த்தார். "பெரிசுதான்" என்றார். லண்டனுக்குத் திரும்பியதும் விமானநிலையத்திலேயே தொடங்கிவிட்டார்: "தெரியுமோ, என்னை டைனோசரிட்டை விட்டிட்டுப் போட்டினம்!" விம்பிள்டன் கோயில் வீதியில், டூட்டிங் கடைகளில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பு சேர்ந்தது. அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தக் கதையைத்தான் சிவகௌரி எடுத்து எழுதினாள்.

8

மண்டபத்தில் வாசித்த அன்று, ரயிலில் திரும்பி வரும்போது கோசிகா பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, யூ நியூ."

"என்னத்தை?"

"மாமா இல்லை எண்டு. யூ லுக்ட் அட் ஹிஸ் பெட். நான் பின்னால இருந்து பாத்தனான்."

எதிர் ஆசனத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், சிவகௌரி அதையே பார்த்தாள்.

"பின்னை நீ ஏன் சொல்லேல்ல?"

கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோசிகாவின் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க சொல்லுவீங்க எண்டு வெயிட் பண்ணினன். அடுத்த போர்டில சொல்லுவீங்க, அடுத்த போர்டில சொல்லுவீங்க எண்டு. ஐ கவுன்டட் தெம், அம்மா. நைன்டீன்."

இந்தக் கதையின் தலைப்பு மகளிடமிருந்து வந்தது. சிவகௌரி எண்ணவில்லை.

9

அடுத்த ஞாயிறு பிளேஸ்டோவுக்குப் போனாள். அண்ணை குசினித் தொட்டியில் றால் உரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அந்தக் கதையில ஒரு பிழை இருக்கு."

"தொப்பிதானே? அண்டைக்கே சொன்னனான்."

"இல்லை. நான் மறக்கேல்ல. நீங்கள் இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை. உரித்த ஓட்டை ஒரு பக்கம் போட்டார்.

"எப்ப தெரியும்?"

"வெளிக்கிட்டு ஒரு மைல் வராது."

"கோசிகா எப்ப கேட்டவள்?"

"பத்தொன்பதாவது மைலில."

இன்னும் இரண்டு மூன்று றால் உரித்தார்.

"நான் இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டினனான். ஓடி வாற சனத்தைக் கண்ணாடியில கண்டுகொண்டே கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறன். களைப்பு. ஷிப்ட் எப்ப முடியும் எண்டு இருக்கும். கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருவினம், பாத்தும் பாக்காத மாதிரிப் போறது. அது எப்பிடி வாறதெண்டு எனக்கு விளங்கும்."

(கதையை இங்கே முடித்திருக்கலாம். அப்படி ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறாள்: அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுடைய தலையைத் தடவுகிறார். அது நடக்கவில்லை.)

"ஆனா அந்தச் சனம் எனக்கு ஆருமில்லை, கௌரி" என்றார்.

அவள் அழுதாள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அழுகை அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அவர் அடுப்பை மூட்டி, வெங்காயத்தை வதக்கி, குழம்பை வைத்தார். அது கொதிக்கும்போது கேட்டார்:

"இதை எழுதப் போறியோ?"

"நீங்கள் வேண்டாமெண்டா எழுதேல்ல."

"எழுதுவாய். உன்னால எழுதாமல் இருக்கேலாது." மூடியைத் திறந்து உப்புப் பார்த்தார். "எழுது. ஆனா என்ர பேரை மாத்து. மறந்து விட்டிட்டுப் போச்சினம் எண்டா நான் எங்க வேணுமெண்டாலும் சிரிச்சுச் சொல்லுவன். தெரிஞ்சுகொண்டு விட்டிட்டுப் போனவள் எண்டா அதை எப்பிடிச் சொல்லுறது? சனம் என்னைப் பாவம் பாக்கக் கூடாது."

"ஓம், அண்ணை."

"உன்ர பேரை மாத்தாதை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பகிடி விடவில்லை. கோபமாகவும் இல்லை. வெளிக்கிடும்போது ஒரு டப்பாவில் குழம்பைப் போட்டு மூடிக் கையில் தந்தார். "இது கோசிகாவுக்கு" என்றார்.

10

அவருடைய பெயரை மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கணினியில் ஒரு தடவை தட்டியதும் எல்லா இடத்திலும் இராஜேந்திரன் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டிய பஸ்ஸின் இலக்கத்தையும் எடுத்தாள். டைனோசரின் நிறத்தையும் மாற்றியிருக்கலாம். அல்லது மாற்றாமலும் விட்டிருக்கலாம்.

மற்றப் பெயரில்தான் இன்னும் நிற்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டும். கோப்பு இரண்டாகக் கணினியில் இருக்கிறது. ஒன்றில் அந்தப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர். மற்றதில் வேறு ஒரு பெயர், நல்ல பெயர், யாரையும் குறிக்காதது. நேற்று முதலாவதைத் திறந்து முழுக்க வாசித்தாள். தன் பெயருக்குப் பின்னால் 'போர்வையைத் தூக்கியும் பார்த்தாள்' என்ற வரி வந்த இடத்தில் கோப்பை மூடினாள். அலுவலகத்தில் இதை யார் வாசிப்பார்கள், கோயிலில் யார், சயந்தன் வாசித்தால் என்ன சொல்வான் என்று வரிசையாக முகங்கள் வந்தன. சயந்தனுக்கு இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. எது என்று இந்தக் கதைக்குள் எழுதுவதற்கில்லை. 'சிவகௌரி என்பது –' என்று தொடங்கிய வாக்கியம் ஒன்று இங்கே இருந்தது, அதை அவள் முடிக்கவில்லை. டூட்டிங் பக்கம் அந்தப் பெயரில் கதை எழுதுகிற ஒருத்தியை உங்களுக்குத் தெரிந்தால், போய் அவளையே கேளுங்கள். தெரியாவிட்டால், பிளேஸ்டோவில் ஒரு மனிதர் இப்போது இதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் ஒரு பெயரைத் தேடுகிறார் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைக் கண்டாரா இல்லையா என்பதை நீங்கள் எழுதுங்கள்.